சீப்பில் இருந்த முடி

உங்கள் தோளில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது, ஐயா. இடது தோளில், காலருக்குக் கீழே. உங்களுடையதாக இருக்காது, நீளமாக இருக்கிறது. வீட்டில் பெண் குழந்தை இருக்கிறதோ என்னவோ. தட்டிவிட வேண்டாம், இருக்கட்டும். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது, அவ்வளவுதான்.

அக்காவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் கணவரின் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து நானும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நடந்த வரிசையில்தான் எனக்குச் சொல்ல வரும். குறுக்கே கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் விட்டுவிட்டுச் சொல்வேன், அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்.

நான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வேலை பார்க்கிறேன். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் மாடியில், ஜன்னல் இல்லாத அறை. தொழிற்சாலைகளிலிருந்து உடைந்த திருகு, உரிந்த பெயின்ட், கருகின சர்க்யூட் போர்டு என்று எதையாவது அனுப்புவார்கள். அதில் என்னென்ன இருக்கிறது, இருக்கக் கூடாதது எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பொருளை உள்ளே வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதன் மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சுவோம். அடி வாங்கின பொருள் எக்ஸ்ரேயைத் திருப்பி வீசும். இரும்பு வீசுவது ஒரு மாதிரி, செம்பு வீசுவது வேறு மாதிரி. திரையில் அது மேடு மேடாகத் தெரியும், பீக் என்போம். எந்த இடத்தில் பீக் எழுகிறது என்பதை வைத்து, அது எந்தத் தனிமம் என்று கம்ப்யூட்டரே பீக்கின் தலைக்கு மேல் பெயரை எழுதிவிடும்.

எங்கள் வீட்டில் இதைப் "பெரிய கேமரா" என்பார்கள். எத்தனையோ தடவை விளக்கியாகிவிட்டது. காதில் ஏறாது. அக்காவுக்கு இது ஒரு கேலி. "உங்கம்மா தூசிக்கெல்லாம் எக்ஸ்ரே எடுப்பா. ஆனா நீ பல்லு தேய்க்காம வந்தா எனக்குத்தான் தெரியும்" என்று என் மகளிடம் சொல்வாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அக்கா நல்ல கேலிக்காரி. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மகளை வாலு என்று கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்ததும் அக்காதான். நான் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்தாள். தனி ஆள், பிள்ளை குட்டி கிடையாது. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். வாலு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அக்கா போகவே இல்லை. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள் கையால்தான். காலையில் வாலுவை மடியில் உட்கார்த்திக் கதை சொல்லிக்கொண்டே தலை பின்னுவாள். நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவேன். போயிட்டு வரேன் என்பேன். கதை நடுவில் இருந்தால் இரண்டு பேரும் நிமிர மாட்டார்கள்.

வாலுவுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது மழைக்காலத்தில். காலையில் எழுந்ததும் வலிக்கிறது என்று சுருண்டுகொள்வாள். என்னிடம் சொல்ல மாட்டாள். அத்தையிடம் சொல்வாள், அத்தை வந்து என்னிடம் சொல்வாள். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லைங்க. ஸ்கூலுக்குப் போகப் பிடிக்காத பிள்ளைங்களுக்கு வர்ற வலிதான். பயப்படாதீங்க" என்றார்.

பயப்படாதீர்கள் என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பயம் இரட்டிப்பாகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த வாரம் எனக்கு வந்திருந்த வேலை பழைய கட்டடங்களின் பெயின்ட். அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈயம் குழந்தைகளை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. வயிற்று வலி வரும், சோகை வரும், புத்தி மந்தமாகும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? மறுநாள் காலையில் சீப்பில் சிக்கியிருந்த வாலுவின் முடி ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். ரத்தம் பழசை மறந்துவிடும், முடி மறக்காது. அதனால்தான் முடி.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அதை உள்ளே வைத்தேன். முடி மென்மையான பொருள், கருகிவிடும் என்று வோல்டேஜைக் குறைத்து வைத்தேன். திரையில் முதலில் கார்பன் வந்தது, பிறகு ஆக்ஸிஜன். அதற்கப்புறம், தள்ளி, ஒரு பீக் எழுந்தது. மெதுவாக எழுந்து நன்றாக உயர்ந்து நின்றது. அதன் தலையில் ஈயம் என்று எழுதியிருந்தது.

நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் குழந்தையின் முடிக்குள் ஈயம். ஒருநாள் இருநாளில் வருவதா அது? யாரோ மாதக்கணக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, சோற்றிலோ பாலிலோ கொடுத்திருந்தால்தான் இத்தனை உயரம் வரும். சோறும் பாலும் யார் கையால் போகிறது என்று நான் உங்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அவசரப்பட்டு முடிவுக்கு வந்தேன் என்று நினைக்காதீர்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அக்கா தன் பழைய வீட்டிலிருந்து ஒரு பீங்கான் கோப்பை கொண்டு வந்திருந்தாள், ஓரத்தில் பூச்சு உதிர்ந்தது. வாலு அதில்தான் பால் குடிப்பாள். அதில் ஒரு துகளைச் சுரண்டிப் பார்த்தேன். ஈயம் இல்லை. வேறு யாராவது என்றால் அத்தோடு நிம்மதியாகியிருப்பார்கள். எனக்குப் பயம்தான் கூடியது. கோப்பையில் இருந்திருந்தால் அது தெரியாமல் நடந்தது. கோப்பையில் இல்லை என்றால் தெரிந்து நடப்பது.

பிறகு என் கணவரின் முடியைப் பார்த்தேன். அதே பீக். என் முடியைப் பார்த்தேன். அதே பீக். அக்காவின் தலையணையிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. தன் மேல் சந்தேகம் வராமல் இருக்கத் தானும் கொஞ்சம் சாப்பிடுகிறாள் என்று புரிந்தது. அவ்வளவு யோசனை உள்ளவள் என்று நான் அதுவரை நினைக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். என் கணவரிடம். பொறுமையாகத்தான் சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா? அக்காவா?" என்றார்.

"முடியில இருக்கே."

"என் முடியிலயும் இருக்குங்கற, உன் முடியிலயும் இருக்குங்கற. அப்ப நம்ம எல்லாருக்கும் வயிறு வலிக்கணுமே."

"நாம பெரியவங்க. தாங்கறோம். அவ குழந்தை."

"டாக்டர் ரத்தம் பார்த்தாச்சு. இதுக்கு மேல அக்காகிட்ட ஒரு வார்த்தை இதைப் பத்திப் பேசினே, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சரி என்று நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் எனக்கு யாரும் துணை இல்லை என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது. அதற்கப்புறம் நான் தூங்கியதில்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். அக்கா சர்க்கரை கலக்கினால் பக்கத்தில் நிற்பேன். "என்னம்மா, நான் திருடித் தின்னுடுவேன்னு பார்க்கறியா?" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அவள் விரல்களைப் பார்ப்பேன்.

வாலுவின் முடியைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. பீக் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிய வேண்டாமா? சீப்பு முடி பழையதாக இருக்கும், அதனால் தலையிலிருந்தே எடுத்தேன். வேரோடு எடுத்தால் சரியாகத் தெரியும். கத்துவாள். ஒரே ஒரு நொடிதான் கண்ணு, உன் நல்லதுக்குத்தான் என்பேன். சில நாளில், நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். எங்கே ஓடுவாள்? அக்கா புடவைக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அக்கா என்னைப் பார்ப்பாள்.

"விட்டுடும்மா. பாவம் பிள்ளை, உச்சந்தலை புண்ணாகிக் கிடக்கு" என்பாள்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் குழந்தையை என்னிடமிருந்து காப்பாற்றுகிறவள் மாதிரி அவள் நின்றாள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சர்வீஸ்காரர் வந்தார். இயந்திரத்தைச் சுத்தம் பண்ண வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். எனக்கு வேறு யாரிடமும் கேட்க முடியவில்லை. யாருடைய முடி என்று சொல்லாமல் திரையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மேடம், நீங்களே இப்படிக் கேக்கறீங்க. இது கந்தகம். எல்லார் முடியிலயும் கந்தகம் இருக்கும். கந்தகமும் ஈயமும் ஏறக்குறைய ஒரே இடத்துலதானே வரும்."

"கம்ப்யூட்டர் ஈயம்னு எழுதுதே."

"நீங்க பெயின்ட் வேலைக்காகக் கந்தகத்தைக் கம்ப்யூட்டர் தேடற பட்டியல்ல இருந்து எடுத்து வச்சிருக்கீங்க, பாருங்க. அது என்ன பண்ணும் பாவம், இருக்கறதுல பக்கத்துப் பேரை ஒட்டிடும். சந்தேகம்னா வோல்டேஜைக் கூட்டுங்க. நிஜமாவே ஈயம்னா இன்னொரு பீக் தூரத்துல எழும். எழலைன்னா இல்லை. ரெண்டு நிமிஷ வேலை."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இது நான் படித்த பாடம்தான், புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற பாடமும்தான். வோல்டேஜைக் கூட்டினால் முடி கருகிவிடும் என்றேன். கருகினால் கருகட்டும், முடிதானே என்றார். அவர் போன பிறகு நான் கூட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு என்ன தெரியும், அவர் குழந்தையா சுருண்டு படுத்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இப்போது லிஃப்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் இயந்திரத்தில் எக்ஸ்ரேயைப் பிடிக்கிற டிடெக்டரை எப்போதும் குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவோம். கீழ்த்தளத்தில் வந்து இறங்கும், பெரிய குடுவையில், சக்கரம் வைத்தது. மேலே கொண்டு வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் கீழே குடுவையை லிஃப்டுக்குள் தள்ளி, பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்துவிடுவார். குடுவை தனியாகப் பயணம் செய்யும். மேலே இன்னொருவர் நின்று வாங்கிக்கொள்வார். ஆள் ஏறக் கூடாது என்று ஒரு சிவப்பு அட்டை குடுவையின் கழுத்தில் தொங்கும். மூடின பெட்டிக்குள் அது ஆவியானால் மூச்சுவிடக் காற்று இருக்காது. வாசனை கிடையாது, இருமல் கிடையாது. உள்ளே இருக்கிறவருக்கே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் எங்களுக்குச் சொல்வார்கள்.

அந்த அட்டையைத்தான் என் மேஜை டிராயரிலிருந்து எடுத்தீர்கள்.

வியாழக்கிழமை காலையில் என் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். வாலு பள்ளிக்கூடம் போன பிறகு அக்காவுக்கு போன் செய்தேன். கண்ணாடி இல்லாமல் திரை தெரியவில்லை, கொண்டு வர முடியுமா என்றேன். அவள் உடனே கிளம்பிவிட்டாள். யார் என்ன கேட்டாலும் செய்வாள், அது அவள் சுபாவம். கீழே வந்து சேர்ந்ததும் போன் செய்தாள். கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு குடுவை இருக்கும், வரும்போது அதையும் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றேன். கழித்துக்கட்ட வைத்திருந்த பழைய குடுவை அது. குளிர் நிற்காது, கழுத்தில் எப்போதும் வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருக்கும். காலையில் நானே நிரப்பி வைத்திருந்தேன்.

"அதுக்கென்னம்மா. ஏன், இதென்ன இப்படிப் புகையுது? வெந்நீரா?" என்றாள்.

"இல்லக்கா, குளிர்ச்சி. தொடாம கைப்பிடியைப் பிடிச்சுத் தள்ளுங்க."

அந்தக் குளிர் கையைச் சுட்டுவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எங்கள் லிஃப்ட் பழசு. எந்த மாடியிலாவது வெளிக்கதவை விரல் அளவு இழுத்தால் நடுவழியில் நின்றுவிடும். எல்லோரும் திட்டுகிற லிஃப்ட். நான் மேல் மாடியில் நின்று, அது கிளம்பி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

பயமாக இருந்தது. யாராவது படியேறி வந்தால்? போன் செய்தால்? முதலில் அவள் லிஃப்டின் சுவரைத் தட்டினாள்.

"ஏம்மா, நின்னுடுச்சும்மா. மேலதான் இருக்கியா?"

"இருக்கேன்க்கா. சரி பண்ணிட்டிருக்காங்க."

"சீக்கிரம் பண்ணச் சொல்லு. வாலுவைக் கூட்டிட்டு வரப் போகணும்." கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும்மா. உன் பெரிய கேமராவுக்கு வேர்க்குதா என்ன, இவ்வளவு குளிர்ச்சி?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. அவள் உட்கார்ந்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அவள் பேசவில்லை. நான்தான் ஒரு தடவை அக்கா என்று கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. கதவை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன். லிஃப்ட் எந்தத் தகராறும் இல்லாமல் மேலே வந்து நின்றது. கண்ணாடி அவள் மடியில் இருந்தது, கைக்குட்டையில் சுற்றி.

லிஃப்ட் பழசு, விபத்து என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அன்று வாலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தது நான்தான். வாசலில் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அத்தை எங்கே என்று கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், இன்னும் கொஞ்சம்தான்.

அதற்குப் பிறகு வாலு ஒரு நாளும் வயிறு வலிக்கிறது என்று சொல்லவில்லை. பார்த்தீர்களா, அக்கா போனதும் வலி நின்றுவிட்டது, நான் சொன்னது சரிதானே என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கே உறைத்தது. வலி நிற்கவில்லை. காலையில் அதே மாதிரிச் சுருண்டுதான் படுத்திருந்தாள். சொல்வதற்கு அவளுக்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். கொஞ்சம் முன்னால் ஒன்றை மாற்றிச் சொன்னேன். சர்வீஸ்காரர் போன பிறகு வோல்டேஜைக் கூட்டிப் பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன். புதன்கிழமை மத்தியானம். முதன்முதலில் வைத்த அதே முடி. கருகக்கூட இல்லை. ஈயம் என்றால் பீக் எழ வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. கோடு தரையோடு தரையாகப் போனது. பட்டியலில் கந்தகத்தைத் திரும்பச் சேர்த்தேன். உடனே பெயர் மாறிவிட்டது. ரெண்டு நிமிஷ வேலை என்று அவர் சொன்னது சரிதான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? என் குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம்தான், ஐயா. அதுவரை வந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்னும்படி ஒரு பயம். ஈயம் என்றால் அதற்கு மருந்து உண்டு. வலிக்கும்போது அவள் என்னைத் தேடாததற்கும், என் செருப்புச் சத்தத்துக்கு ஓடியதற்கும் ஈயம் ஒரு காரணமாக இருந்தது. அது இல்லை என்றால் வேறு காரணம் சொல்ல வேண்டும். திரையை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் கண்ணாடியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வந்தேன்.

என் கணவர் நேற்று இங்கே வந்தார். என்னிடம் அதிகம் பேசவில்லை. வாலு யாரையும் தலை பின்ன விடுவதில்லையாம். சீப்பை எடுத்தாலே இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டிக்கொள்கிறாளாம். முடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறதாம். நீங்கள் யாராவது போய் அவளிடம் சொல்ல வேண்டும், ஐயா. இனிமேல் பயப்பட வேண்டாம், யாரும் பிடுங்க மாட்டார்கள். முடியில் ஒன்றுமே இல்லை என்று அம்மா புதன்கிழமையே பார்த்துவிட்டாள்.